வரிசை தப்பிய மாங்காய்

வைகாசி பிறந்தால் குரும்பலூரில் கல்யாண வீடுகளுக்கு முகம் மலரும். தேவயானிக்குக் கழுத்து வலிக்கும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவளுடைய தையல் கடை. பதினேழு வருடமாக அதே மேசை, அதே மிஷின், அதே நாற்காலி. நாற்காலிக்கு இரண்டு தடவை கால் மாற்றியாகிவிட்டது. கழுத்தை மாற்றத்தான் வழி தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் மேசைமேல் பதினான்கு ரவிக்கைகள் கிடந்தன. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். உள்ளூரில் மட்டும் நான்கு கல்யாணம், நான்குக்கும் தேவயானிதான். ஊரில் வேறு தையல்காரி இல்லாமல் இல்லை. ஆனால் தேவயானி தைத்தால் கக்கத்தில் சுருக்கம் விழாது என்று ஒரு பேர் வந்துவிட்டது. பேர் வந்துவிட்டால் மனுஷியைப் படுக்க விடுமா? இரண்டு வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

அந்த நான்கில் ஒன்று கவியாவின் கல்யாணம். பக்கத்துத் தெரு சின்னம்மாளின் ஒரே மகள். அப்பா இல்லை. சின்னம்மாள் நாற்று நட்டும் களை பறித்தும் படிக்க வைத்தாள். பெண் இப்போது பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஆறாம் வகுப்புச் சீருடையிலிருந்து அவளுக்குத் தேவயானிதான் தைத்துக் கொடுக்கிறாள். கவியாவுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. சாதகம் சரியில்லை, நிறம் கம்மி, அப்பன் இல்லாத பெண் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்லித் தட்டிக்கொண்டே போய், கடைசியில் அரியலூரில் ஒரு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை பிரேம்குமாருக்கு ஒரு சிமெண்ட் ஆலையில் லாரி எடைபோடும் இடத்தில் வேலை.

கூறைப்புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பாத்தியதை. பெண் வீட்டார் நிறம் பிடிக்கவில்லை என்றுகூட வாய் திறக்க முடியாது. மாப்பிள்ளையின் அம்மா அமிர்தவல்லி நிச்சயதார்த்தத்தன்று தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த புடவை அது. அரக்கு நிறப் பட்டு, உடல் முழுக்கச் சரிகை மாங்காய். கவியா அதை அப்படியே கொண்டுவந்து தேவயானியிடம் கொடுத்தாள், கீழ்க்கரைக்கு உள்பக்கமாக ஃபால்ஸ் துணி வைத்து, ரவிக்கையும் தைப்பதற்காக. புடவையோடு ஒட்டி வரவேண்டிய ரவிக்கைத் துணி அதில் இல்லை. அதே நிறத்தில் தனியாக ஒரு துணி வாங்கிச் சேர்த்திருந்தார்கள். தறியிலேயே அப்படித்தான் வந்ததாம் என்று கவியா சொன்னாள். தேவயானியும் சரியென்று விட்டாள். பதினேழு வருட அனுபவம் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று கேட்டால், அதுவும் தூக்கத்துக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தது.

ஃபால்ஸ் வைக்கும் முன் கரையை இஸ்திரி போட வேண்டும். புடவையை விரித்தாள். பெட்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். மேலே மின்விசிறி ஒரே மாதிரி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நின்றபடியே கண் அசந்துவிட்டது. எத்தனை நொடியோ, மயிர் பொசுங்குகிற நாற்றம் மூக்கில் ஏறித்தான் விழித்தாள்.

பெட்டியைத் தூக்கினாள். கரைக்கு ஒரு ஜாண் மேலே, பெட்டியின் மூக்கு அழுந்திய இடத்தில், ஒரு மாங்காயில் பாதி காணாமல் போயிருந்தது. கட்டைவிரல் நுழைகிற அளவு ஓட்டை.

தேவயானி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, அழவும் தெம்பு வேண்டுமே. கூறைப்புடவையில் தீப்பட்டது என்று தெரிந்தால் சின்னம்மாள் மயங்கி விழுவாள். மாப்பிள்ளை வீட்டார் சகுனம் என்பார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். இத்தனை வருடம் தட்டித் தட்டிப்போன பெண்ணுக்குத் தன் கையால் இன்னொரு தட்டா? சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தாள். தெரியாமல் சரிசெய்துவிட வேண்டும். முகம் கழுவிக்கொண்டு வந்து, கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இழை இழையாகக் கோத்து ஓட்டையை அடைப்பவர்கள் திருச்சியில் இருக்கிறார்கள். கொடுத்தால் பத்து நாள் ஆகும். இருப்பது நான்கு நாள். அதனால் ஒட்டு வைத்துத் தைப்பதுதான் வழி. வேறு துணி கூடாது, இதே புடவையிலிருந்தே ஒரு மாங்காயை வெட்டி எடுத்து, எரிந்த மாங்காயின் மேல் அச்சாக வைத்துக் கையால் தைக்க வேண்டும். மிஷின் ஓட்டினால் தடம் தெரியும். சூடுபட்டால் ஒட்டுகிற பசைத்தாளை வைத்து அழுத்தினால் பட்டு விறைத்துக்கொண்டு, அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி நிற்கும்.

நூல்தான் தகராறு. டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் புடவைமேல் வைத்துப் பார்த்தாள். பாலியெஸ்டர் நூல் நிறத்தில் ஒத்துப்போனது, வெளிச்சம் பட்டால் பல்லை இளித்தது. பலம் அதிகம் வேறு. நாள்பட்டால் பட்டை அறுத்துவிடும். பருத்தி நூல் தடிமன், பட்டின்மேல் மங்கலாகக் கிடந்தது. ரவிக்கையில் பூவேலை செய்கிற சில்க் நூலுக்குப் பேரில்தான் சில்க். ஒரு பட்டுக்கு எந்த நூல் பொருந்தும் என்று கேட்டால் அதே பட்டிலிருந்து உருவிய நூல்தான். இடுப்பில் முதலில் செருகுகிற உள்முனை எப்போதும் மறைந்தே இருக்கும். மாங்காயை அங்கே வெட்டிக்கொள்ளலாம், நூலையும் அங்கேயே உருவிக்கொள்ளலாம்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்முனையை விரித்தாள். முதல் வரிசையில் ஆறு மாங்காய் இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தது. மூன்றாவது மாங்காயின் இடத்தில் ஒரு சதுரம் வெட்டப்பட்டு, அடியில் அரக்கு நிற வெறுந்துணி வைத்துக் கையால் தைத்து மூடியிருந்தார்கள்.

தேவயானி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தனக்கு முன்னால் யாரோ இதே யோசனையோடு, இதே இடத்துக்குக் கத்தரிக்கோலோடு வந்து போயிருக்கிறார்கள்.

வெட்டிய மாங்காய் எங்கே போயிருக்கும்? புடவையை முழுக்க விரித்து, ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்து எண்ணிக்கொண்டு போனாள். கொசுவம் மடிகிற இடத்தில் கிடைத்தது. இரண்டு வரிசைக்கு நடுவே, மாங்காய் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மாங்காய். கட்டிக்கொண்டு நின்றால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. மடிப்புக்குள் போய்விடும், மீறித் தெரிந்தாலும் கல்யாணத்தில் வந்து மாங்காய் எண்ணுகிறவர் யார்? நல்ல கை. விளிம்பை ஊசி முனையாலேயே உள்ளே தள்ளி மடித்து, மயிரிழை அளவுக்குப் புள்ளி புள்ளியாகத் தைத்திருந்தது. நூலும் இதே புடவை நூல். ஆனால் தையல் சாய்ந்திருந்த பக்கம் வேறு. தேவயானி தைத்தால் ஒரு பக்கம் சாயும், இது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. தைத்தவள் இடக்கைக்காரி.

நான்கு புள்ளியைப் பிரித்து அடியில் பார்த்தாள். பட்டாணி அளவில் ஓட்டை, ஓரமெல்லாம் கருகி முடிச்சிட்டிருந்தது. ஓமத்துப் பொறி. கல்யாணம் முடிந்து தன்னிடம் வரும் புடவைகளில் இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! கீழ்க்கரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வரிசையாக ஊசித் துளைகள். ஏற்கனவே ஒரு ஃபால்ஸ் வைத்துத் தைத்துப் பிரித்திருக்கிறார்கள். ரவிக்கைத் துணி ஏன் இல்லை என்பதும் இப்போது புரிந்தது. அதைத் தைத்து ஒருத்தி போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஏற்கனவே ஓமத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். யார் பக்கத்தில்?

பிரித்த நான்கு புள்ளியை மறுபடி தைத்துவிட்டு, புடவையை மடித்து வைத்தாள். அப்புறம் அன்று ஒரு ரவிக்கைக்குக்கூட அவள் கை போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறக்காமல் பஸ் ஏறினாள். கல்யாணப் பத்திரிகையில் அரியலூர் விலாசம் இருந்தது. போய்ச் சண்டை போடுகிற எண்ணமெல்லாம் இல்லை, அதற்கெல்லாம் உடம்பில் சத்து இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு காரணம். சொந்தத்தில் ஒருத்தி கட்டிய புடவை, ராசியான புடவை என்று வாங்கினோம். இல்லாவிட்டால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். எதையாவது சொல்லட்டும். நம்புகிற மாதிரி ஒரு பொய் கிடைத்தாலும் போதும், அதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பதினான்கு ரவிக்கையை முடிக்கலாம். பெரம்பலூரில் மாறி ஏறிய பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் ஊர்ந்து புழுதியைக் கொட்டின. புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே தூங்கி, பக்கத்தில் நின்றவள் மேல் இரண்டு தடவை சாய்ந்தாள். "நில்லு தாயி, எறங்கிப் படுத்துக்கலாம்" என்றாள் அந்த அம்மாள்.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஓட்டு வீடு. வாசலில் அமிர்தவல்லி அரிவாள்மனையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நறுக்கிய கை இடக்கை.

தேவயானிக்குக் கேட்க வந்த கேள்வி அங்கேயே தீர்ந்துபோயிற்று. கிடைக்கும் என்று நம்பி வந்த பொய்யும் போயிற்று.

"யாரும்மா நீ?"

"குரும்பலூருங்க. கவியா புடவைக்கு ஃபால்ஸ் வைக்கிறது நான்தான். தேவயானி."

"வா வா. உள்ள வந்து உக்காரு. வேர்த்துக் கொட்டுதே." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை மட்டும் வலக்கையால் கொடுத்தாள். "என்ன விசயமா வந்த?"

தேவயானி பையிலிருந்து புடவையை எடுத்து விரித்து, அந்த மாங்காயின்மேல் விரலை வைத்தாள்.

"இது நீங்க தச்சதுதானே?"

அமிர்தவல்லியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவள் சொன்னதில் பாதி பயம், பாதி பெருமை.

"என் மவ பாத்தா, நாத்தனா பாத்தா, கடைக்காரன்கூட ஒருத்தன் பாத்தான். ஒருத்தருக்கும் தெரியல. ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"பொறி வரிசை பாத்து விழலீங்களே."

அமிர்தவல்லி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எம்மவனுக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சும்மா. மூணு மாசம். அந்தப் புள்ள போயிட்டா. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு ரெண்டு வருசம் முடிஞ்சுபோச்சு. அப்பறம் பதினோரு எடம் பாத்தோம். எல்லா எடத்துலயும் உள்ளதச் சொன்னோம். காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. பன்னண்டாவது எடத்துல சொல்லல."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதே."

"மெல்லத் தெரிஞ்சுக்கட்டும். ரெண்டு வருசம் வாழ்ந்து ஒரு புள்ளயும் ஆயிட்டா யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுது?"

"சரி, இதே புடவைய ஏங்க குடுத்தீங்க? வேற எடுத்திருக்கலாமே."

"அவ பார்சல்ல திருப்பி அனுப்பிட்டா. பீரோவத் தொறக்கறப்பல்லாம் என்னயே பாத்துச்சும்மா. ஓமத்துல பொறி விழுந்தப்பவே எனக்குத் திக்குன்னுச்சு, இந்தப் புடவைதான் அவங்கள வாழ விடல. இன்னொரு பொண்ணு இதக் கட்டி நல்லா வாழ்ந்துட்டா அந்தப் பழி கழிஞ்சுரும்னு நெனச்சேன்."

பேசிக்கொண்டே புடவையைத் தடவிக்கொண்டு வந்த அவள் விரல் சட்டென்று நின்றது. புது ஓட்டை. விரல் உள்ளே போய்விட்டது.

"இது என்ன?"

"நான் சுட்டதுங்க. நேத்து. இஸ்திரி போடறப்ப கண்ணு அசந்துட்டேன்."

அமிர்தவல்லி திட்டுவாள் என்று தேவயானி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. உள்ளே போய் பீரோவைத் திறந்து எதையோ தேடினாள். வந்தபோது கையில் ஒரு பழைய தீப்பெட்டி அட்டை. அதில் அரக்கு நிற இழை சுற்றியிருந்தது.

"இந்தப் புடவ நூலுதான். அப்ப உருவுனதுல மிச்சம். இத வச்சுத் தையி, அச்சா ஒக்காரும்." தேவயானியின் உள்ளங்கையில் அட்டையை வைத்து விரலை மூடினாள். "ஒன்னுத நான் பாக்கல. என்னுத நீ பாக்கல. என்ன?"

தேவயானி தலையாட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. அட்டையோடு பஸ் ஏறினாள். இந்தத் தடவை இடம் கிடைத்தது, தூக்கம்தான் வரவில்லை.

புதன்கிழமை காலையிலிருந்து மாங்காயைத் தைத்தாள். உள்முனையின் முதல் வரிசையில் மிச்சமிருந்த ஐந்தில் ஒன்றை, சுற்றிலும் ஒரு நெல் அகலத்துக்குத் துணி விட்டு வெட்டினாள். மாங்காயின் கழுத்து உள்ளே வளைகிற இடத்தில் மட்டும் கத்தரி முனையால் இரண்டு கீறல் கொடுத்தாள், இல்லாவிட்டால் மடிப்பு வளையாது. வெளி வளைவில் கீறவில்லை. நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்கவில்லை. நீளமாக எடுத்தால் பட்டு நூல் பஞ்சடைத்துப் போகும். அதை மெழுகு ஏறும்படி மெழுகுவர்த்தியின்மேல் ஒரு தடவை தேய்த்து இழுத்தாள். இருப்பதிலேயே மெல்லிய ஊசி. முடிச்சை மடிப்புக்குள் ஒளித்தாள். ஊசி முனையால் விளிம்பைத் தள்ளி மடித்து, மடிப்பின் நுனியில் ஏறி, நேர் கீழே இறங்கி, அடியிலேயே நகர்ந்து அடுத்த புள்ளி. வால் நுனிக்கு வந்ததும் முதலில் ஒரு பக்கத்தை மடித்து ஒரு புள்ளி அதிகம் போட்டு, பிறகு மறுபக்கத்தை மடித்தாள். எதற்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போயிற்று.

யோசனையெல்லாம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளும் பாவம்தான். பதினோரு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்துக் களைத்துப்போனவள். பிரேம்குமார் நல்லவனாகவே இருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? கல்யாணம் நிற்கும். கல்யாணத்தைக் கலைத்தவள் என்ற பேர் வரும், கூறைப்புடவையைச் சுட்டவள் என்ற பேரும் வரும். அப்புறம் எவள் பட்டுப் புடவையை நம்பிக் கொடுப்பாள்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாது என்பதுதான் தேவயானிக்குப் பெரிய ஆசையாக இருந்தது. வெள்ளிக்கிழமை முடிந்ததும் பாயை விரித்து இரண்டு நாள் எழுந்திருக்கக் கூடாது.

மூன்று மணிக்குத் தைத்து முடித்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். தன் மாங்காயைத் தானே கண்டுபிடிக்க வரிசையை எண்ண வேண்டியிருந்தது. அவ்வளவு சுத்தம். ஃபால்ஸையும் வைத்து முடித்தாள். வாழ்க்கையிலேயே இதைவிட நன்றாகத் தைத்ததில்லை என்று நினைத்தவள், புடவையை மறுபடி பார்க்காமல் மடித்து வைத்தாள்.

ஐந்து மணி பஸ்ஸில் கவியா வந்து இறங்கினாள். நேராகக் கடைக்கு வந்தாள்.

"அக்கா, ரெடியா? நாளையிலேருந்து லீவு. எங்க, காட்டுங்க." பையை எறிந்துவிட்டுப் புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். இப்படியும் அப்படியும் திரும்பினாள். அப்புறம் வெட்கத்தோடு சிரித்தாள். "எனக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குல்லக்கா?"

தேவயானி கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தாள். ஆறாம் வகுப்பில் முதல் பாவாடையைப் போட்டுக்கொண்டு இதே கண்ணாடி முன் நின்ற முகம். அன்றைக்கும் இப்படித்தான் தைத்தவளை நம்பிச் சிரித்தது.

"கவியா, புடவைய மேசமேல போடு."

"ஏன்க்கா?"

"போடு, சொல்றேன்."

சின்னக் கத்தரியை எடுத்தாள். வரிசையை எண்ணித் தன் மாங்காயைக் கண்டுபிடித்து, அதன் தையலைப் புள்ளி புள்ளியாகப் பிரித்தாள். அரை நாள் வேலை ஐந்து நிமிடத்தில் பிரிந்து வந்தது. மாங்காயை எடுத்துத் தனியே வைத்தாள்.

"இது நான் சுட்டது. திங்கக்கெழம இஸ்திரி போடறப்ப தூங்கிட்டேன். ஒங்கிட்ட சொல்லாம மூடிட்டேன்."

கவியா ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று, ஆனாலும் சமாளித்துக்கொண்டாள். "பரவால்லக்கா... அம்மாகிட்ட சொல்ல வேணாம். மறுபடி தச்சிருங்க. தெரியவே இல்லியே..."

"இரு. இன்னும் இருக்கு."

கொசுவத்து மாங்காயைப் பிரித்தாள். அந்தத் தையல் எளிதில் விடவில்லை. எதிர்ப்பக்கம் சாய்ந்த புள்ளிகள், ஒவ்வொன்றாகத் தேடி வெட்ட வேண்டியிருந்தது. மாங்காய் கழன்றது. கருகிய ஓரத்தோடு அந்தப் பட்டாணி ஓட்டை தெரிந்தது.

"இது நான் சுட்டதில்ல. கல்யாண ஓமத்துல பொறி விழுந்தது."

"யாரு கல்யாணத்துல?"

தேவயானி சொன்னாள். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூன்று மாதம், கோர்ட்டு, பதினோரு இடம், பார்சலில் திரும்பி வந்த புடவை, தீப்பெட்டி அட்டையில் சுற்றிய நூல். அட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். சொல்லி முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

கவியா அழவில்லை. இரண்டு ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத மட்டும் பிரிச்சிருக்கலாமே. ஒங்களோடத ஏன்க்கா பிரிச்சீங்க? எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"ஒன்ன மூடி வச்சிக்கிட்டு இன்னொன்ன தொறக்கக் கை வரலடி."

கவியா தலையை ஆட்டினாள். போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். மறுமுனையில் லாரிச் சத்தம் கேட்டது.

"சொல்லு கவி. புடவ வாங்கிட்டியா?" பிரேம்குமாரின் குரலில் சந்தோஷம் இருந்தது. அது தேவயானிக்குத் தாங்கவில்லை.

"ஒன்னு கேக்கறேன். அவங்க பேரு என்ன?"

"யாரு பேரு?"

கவியா மறுபடி கேட்கவில்லை. மறுமுனையில் ஒரு லாரி நகர்ந்து போகிற சத்தம். பின்னால் யாரோ எடைச்சீட்டு கேட்டுக் கத்தினார்கள். அவன் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சுகன்யா" என்றான் கடைசியில்.

"ஏன் போனாங்க?"

"அம்மா புடவ மேல பழி போடுவாங்க. புடவ ஒன்னும் பண்ணல. நான்தான். போன்ல சொல்ல முடியாது கவி. நான் சொல்லிடறேன்னு எத்தனையோ தடவ..."

"நேர்ல வாங்க. தேவயானி அக்கா கடையில இருக்கேன். நீங்க வந்ததும் எங்க அம்மாவையும் இங்க வரச் சொல்றேன்."

போனை அணைத்தாள். தேவயானிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் ஊசியை எடுத்தது. அட்டையிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்து, கண்ணைச் சுருக்கிக் கோத்தாள். ஒரு மாங்காயையாவது அவன் வருவதற்குள் அதன் இடத்தில் வைத்துத் தொட்டுத் தைத்துவிட்டால், புடவை இப்படி வாயைப் பிளந்துகொண்டு கிடக்க வேண்டாமே என்று நினைத்தாள்.

கவியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தைக்காதீங்கக்கா. அப்பிடியே கெடக்கட்டும். அவரு பாத்துட்டுப் பேசட்டும். அப்பறம் தைக்கிறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

தேவயானி ஊசியிலிருந்து நூலை உருவினாள். மறுபடி அட்டையில் சுற்றி, இரண்டு மாங்காய்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கடையில் இருந்தது ஒரே நாற்காலி. கவியா அதை இழுத்துப்போட்டு, "நீங்க உக்காருங்க, மூணு நாளா தூங்கலன்னு மூஞ்சியே சொல்லுது" என்றாள். தேவயானி உட்கார்ந்தாள். அரியலூரிலிருந்து வண்டியில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கவியா மேசை ஓரத்தில் சாய்ந்து சாலையைப் பார்த்து நின்றாள். பெரம்பலூர் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.